பேர்போர்டுக் கோயிலும் அதன் வண்ணக் கண்ணாடிகளும்

இங்கிலாந்து தேசத்துத் தேவாலயங்களைப்பற்றிப் பேசுவோர் காண்டர்பரி, யார்க்கு, டர்ஹம் முதலிய பேராலயங்களையே முதற்கண் எடுத்துரைப்பர். அவை அத்தியட்சர்களின் ஆசனக் கோயில்கள். அரசரும் மடாதிபதிகளும் பொருள் சொரிந்து எடுப்பித்தவை. ஆயினும் அந்நாட்டு மக்களின் பழைய வாழ்வை அறிய விரும்புவார் முதலிற் காணவேண்டுவன அவையல்ல. ஊர்தோறும் ஒவ்வொன்றாக நிற்கும் சேகரக் கோயில்களே என்பது எமது துணிபு. பிறந்த மகவுக்கு ஞானஸ்நானம் அளித்ததும், மணமக்களின் கைகளைச் சேர்த்து வைத்ததும், இறந்தோரை அடக்கம் செய்ததும், விழா நாட்களில் ஊரார் கூடிக் களித்ததும் இச்சிறு கோயில்களிலும் அவற்றின் முற்றங்களிலுமேயாம். அத்தகைய கோயில்களுள் ஒன்றனை ஈண்டு எடுத்துக்கொண்டு, அஃது எவ்வாறு எழுந்தது, எவ்வாறு அமைந்துள்ளது, எவ்வாறு நம் காலம்வரை பிழைத்து வந்தது என்பவற்றைக் கூறப் புகுகின்றோம். பிழைத்த வரலாறே இவற்றுள் வியப்புக்குரியது. ஆகலின் அதற்குச் சிறிது மிகுதியாக இடங்கொடுப்போம்.

குளாஸ்டர்ஷயர் என்னும் கோட்டத்தில், கோல்ன் என்னும் சிற்றாற்றின் கரையில், பேர்போர்டு என்பதோர் ஊர் உளது. சைரன்செஸ்டர் என்னும் பழம்பட்டினத்திற்குக் கிழக்கே எட்டு ஒன்பது மைல் தொலைவில் உள்ளது அது. வடக்கே காட்ஸ்வோல்டுக் குன்றுகள் தாழ்ந்தும் உயர்ந்தும் பரந்து கிடக்கின்றன. அக்குன்றுகளின் புல்வெளிகளில் மேய்ந்த ஆடுகளின் கம்பளி மத்திய காலத்து ஐரோப்பாவெங்கும் பேர்பெற்றிருந்தது. பிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளரும் இத்தாலிய வணிகரும் அதனைப் போட்டியிட்டு வாங்கினர். மூட்டை மூட்டையாகக் கம்பளி கலே துறைமுகத்திற்குச் சென்றது. பொன் திரும்பி வந்தது. அப்பொன்னிற் பெரும்பகுதி கல்லாயிற்று. நார்த்லீச்சு, சிப்பிங் காம்டன், சைரன்செஸ்டர் ஆகிய ஊர்களின் கோயில்கள் யாவும் கம்பளிப் பணத்தால் ஓங்கியவையே. நார்த்லீச்சுக் கோயிலில் வணிகரின் உருவம் பொறித்த பித்தளைத் தகடுகள் தரையிற் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் சிலவற்றில் வணிகர் ஆட்டின்மேலும் கம்பளி மூட்டையின்மேலும் கால் வைத்து நிற்கக் காணலாம். தம் செல்வம் எங்கிருந்து வந்ததென்பதை அவர் மறைக்க நினைத்தாரல்லர்.

பேர்போர்டில் அத்தகைய வணிகராய் வாழ்ந்தவர் ஜான் டேம் என்பவர். அவ்வூர் முன்னர் வார்விக் பிரபுக்களின் உடைமையாயிருந்து, பின்னர் ஏழாம் ஹென்றி அரசர் கைக்கு வந்தது. ஊர்க்கோயில் பழையது, அதன் கோபுரத்தை மாத்திரம் ஒருவாறு நிறுத்திக்கொண்டு, ஏனைய பகுதிகளையெல்லாம் புதுக்கிக் கட்டத் தொடங்கினார் டேம். 1497-ம் ஆண்டில் அது பிரதிஷ்டை செய்யப்பெற்றது. மூன்றாண்டு கழித்து, 1500-ல், அவர் காலஞ்சென்றார். குறையாய் நின்ற பணியை அவர் புதல்வர் சர் எட்மண்டு டேம் முடித்தார். அவரும் 1534-ல் இறந்தார். எட்டாம் ஹென்றியின் காலத்தில் நாடெங்கும் சுற்றிப் பார்த்துக் குறிப்பெழுதிய ஜான் லேலண்டு என்னும் அறிஞர், டேம் குடும்பத்தார் வருவதற்கு முன் பேர்போர்டு செழித்ததில்லை என்று எழுதி வைத்திருக்கின்றார். தந்தையின் கல்லறை இன்றும் திருப்பீடத்திற்கும் வடபுறத்து மரியாள் சிற்றாலயத்திற்கும் இடையே உள்ளது. அதன்மேல் அவரும் அவர் மனைவி ஆலிஸ் அம்மையாரும் பித்தளையில் உருவாய்க் கிடக்கின்றனர். கம்பளி விற்றவர் போர்க்கவசம் பூண்டு கிடப்பது சிறிது நகைப்பைத் தரினும், அஃது அக்காலத்துப் பெருமக்களின் வழக்கம்.

ஈண்டு ஒன்று கூறாமற் செல்ல எமக்கு மனமில்லை. அக்காலத்தில் ஆட்டு மேய்ச்சலுக்காக உழுநிலங்கள் வேலியடைக்கப்பட்டன. பல சிற்றூர்கள் குடியிழந்தன. 1489-ல் அதனைத் தடுக்கப் பாராளுமன்றம் சட்டமியற்ற நேர்ந்தது. சாதுவான ஆடுகள் மனிதரையே விழுங்குகின்றன என்னும் பொருள்படத் தாமஸ் மோர் தமது ‘உத்தோப்பியா’ என்னும் நூலில் 1516-ல் எழுதினார். டேம் குடும்பத்தார் அவ்வாறு செய்தனர் என்று குற்றஞ்சாட்டுவதற்காக இதனைக் கூறினேமல்லேம். ஆயினும் கோயிலைக் காண்பவர், கொடுத்தவரின் பெயரைப் பித்தளையில் வாசிக்கின்றனர்; கம்பளி கத்தரித்தவர், கல் வெட்டினவர், சாந்து குழைத்தவர் ஆகியோருள் ஒருவர் பெயரையும் வாசிக்க வழியில்லை.

இனிக் கட்டடத்தின் அமைப்பை நோக்குவோம். சேகரக் கோயில் யாதாயினும் அதன் உறுப்புக்கள் பெரும்பாலும் ஒரேவகையாகவே இருக்கும். கிழக்கு நோக்கிய கட்டடம், மேற்கே சபையார் நிற்கும் நடுக்கூடம், அதன் இருமருங்கும் தூண்வரிசைகளுக்கு அப்பால் பக்கக் கூடங்கள், கிழக்கே குருவானவர் பூசை நிகழ்த்தும் திருப்பீடக் கூடம், இரண்டிற்கும் இடையே மரத்தாலான அழித்தடுப்பு, தெற்கே முகமண்டபம், வாயிலருகே ஞானஸ்நானத் தொட்டி. இவ்வமைப்பினுள் ஒரு வழக்கும் அடங்கியிருந்தது. திருப்பீடக் கூடத்தைப் பழுதுபார்ப்பது குருவானவரின் அல்லது அவ்வுரிமையைப் பெற்ற மடத்தாரின் கடன்; நடுக்கூடத்தைப் பழுதுபார்ப்பது ஊராரின் கடன். அழித்தடுப்பே எல்லை. அதனாற்றான் பல ஊர்களில் நடுக்கூடம் வானளாவ, திருப்பீடக் கூடம் ஒடுங்கிக் கிடப்பதைக் காண்கின்றோம். ஊராருக்கிருந்த ஊக்கம் தூரத்து மடத்தாருக்கு இருக்கவில்லை. பேர்போர்டில் இவ்வேற்றுமை இல்லை. ஒரே குடும்பத்தார் முழுவதையும் மேற்கொண்டமையால், கோயில் ஒரே கருத்தினின்று பிறந்ததுபோல் நிற்கின்றது. கோபுரம் மாத்திரம் நடுவே தடித்த தூண்களின்மேல் நின்று, தான் முந்திய காலத்ததென்பதை உணர்த்துகின்றது.

ஆங்கிலக் கோயிற் சிற்பத்தின் வளர்ச்சியைக் காலமுறைப்படி பிரித்துப் பெயரிட்டவர் தாமஸ் ரிக்மன் என்பவர்; அவர் நூல் 1817-ல் வெளிவந்தது. அரைவட்ட வளைவும் பருத்த சுவரும் உடையது நார்மானியர் முறை. கூர்வளைவும் ஒடுங்கிய பலகணியும் உடையது அதன்பின் வந்த முற்கால ஆங்கில முறை. இலையும் கொடியும் பின்னிப் படர்ந்தது அலங்கார முறை. நான்காவதும் இறுதியானதும் செங்குத்து முறை. இதுவே பேர்போர்டின் முறை. இம்முறையைக் கையாண்ட தச்சர்க்கு ஒரே நோக்கம் இருந்தது: சுவரைக் குறைத்து ஒளியை மிகுத்தல். கூரையின் பாரத்தைச் சுவர் முழுவதும் தாங்கவேண்டுவதில்லை. வெளியே இடையிடையே நிறுத்திய அணைசுவர்கள் தாங்கினாற் போதும் என்பது அவர் அனுபவத்தாற் கண்ட உண்மை. அணைசுவர் இரண்டிற்கு இடைப்பட்ட இடமெல்லாம் பலகணியாயிற்று. பலகணியினுள் மெல்லிய கற்கம்பங்கள் நேர்குத்தாக அடிமுதல் உச்சிவரை ஓடின. முறையின் பெயரும் அதனாலேயே வந்தது. கூர்வளைவு சற்றே தட்டையாய் அகன்றது. ஈயத் தகடு வேய்ந்த கூரை செங்குத்தாய்ச் சரியாமல் தாழ்ந்து படுத்தது. அதனால் நடுக்கூடத்தின் சுவர், பக்கக் கூடங்களின் கூரைக்குமேல் உயர்ந்து நின்று, அங்கும் ஒரு வரிசை பலகணிகளுக்கு இடந்தந்தது. காட்ஸ்வோல்டுச் சுண்ணக்கல் சுரங்கத்தினின்று எடுக்கும்போது மென்மையாயிருந்து, காற்றுப்பட்டபின் இறுகுவது, நிறமோ தேன்போல்வது. அக்கல் இவ்வேலைக்கு மிகவும் இசைந்தது. இங்ஙனம் சுவரெல்லாம் பலகணியான கோயிலுக்குக் கண்ணாடியே சுவராகின்றது. பேர்போர்டின் பெருமை அக்கண்ணாடியில் உள்ளது.

28 பலகணிகள் இக்கோயிலில் உள. அத்தனையிலும் ஏறக்குறைய 1500-க்கும் 1517-க்கும் இடையே செய்த வண்ணக் கண்ணாடி, பெரும்பாலும் தன் பழைய இடத்திலேயே நிற்கின்றது. இங்கிலாந்தின் சேகரக் கோயில்களுள் இவ்வாறு முழுத்தொகுதியாய் எஞ்சியது வேறொன்றுமில்லை. இதனைச் செய்தவர் அரசரின் கண்ணாடித் தலைவராயிருந்த பார்னர்டு பிளவர் என்பவரும் அவர் துணைவரும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவர் ஆங்கிலேயரல்லர், கடலுக்கப்பாலிருந்து வந்து குடியேறியவர். கேம்பிரிட்ஜ் அரசர் கல்லூரி ஆலயத்தின் பலகணிகளைத் தொடங்கி 1517-ல் இறந்தவரும் அவரே. இத்தகைய அயல்நாட்டுக் கைவினைஞர் லண்டன் நகரத்தின் அதிகாரத்திற்கு உட்படாத சவுத்வார்க் பகுதியில் தங்கித் தொழில் புரிந்தனர். தம் பிழைப்பைக் கெடுக்கின்றனர் என்று லண்டன் கண்ணாடித் தொழிலாளர் சங்கத்தார் அவர்கள்மேல் ஓயாது முறையிட்டு வந்தனர்.

வண்ணக் கண்ணாடி என்பது கண்ணாடியின்மேல் தீட்டிய சித்திரம் என்று எண்ணுவார் உளர். அது முழுதும் சரியன்று. மணலையும் மரச்சாம்பலையும் சேர்த்து உருக்கும்போதே உலோகப் பொருள்களைக் கலந்து நிறமேற்றுவர். கோபால்டு நீலத்தையும், செம்பு பச்சையையும் சிவப்பையும், மாங்கனீசு ஊதாவையும் தரும். சிவப்பு மாத்திரம் தடித்தால் கறுத்துப்போம். ஆகலின் நிறமற்ற கண்ணாடியின்மேல் மெல்லிய சிவப்புப் படலமாக அதனைப் படியவைப்பர். வண்ணக் கண்ணாடித் தகடுகள் இங்கிலாந்திற்குப் பெரும்பாலும் கடல்கடந்தே வந்தன. சித்திரத்தின் முழு அளவான வரைவைப் பரப்பி, அதற்கேற்பத் துண்டுகளை வெட்டி, இரும்புத்தூளோ செம்புத்தூளோ கண்ணாடிப்பொடியுடன் குழைத்த கருமையால் முகம், விரல், ஆடை மடிப்பு ஆகியவற்றை வரைந்து சூளையிற் சுடுவர். அங்ஙனம் சுட்டபின் கோடு கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். இறுதியில் ஈயப் பட்டைகளால் துண்டுகளை இணைப்பர். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்றொரு நுட்பம் இங்கிலாந்தில் வழங்கலாயிற்று. வெள்ளிச் சேர்க்கையைக் கண்ணாடியின் புறத்தே பூசிச் சுட்டால் அழகிய மஞ்சள் உண்டாகும். அதன்பின் வெண்முகமும் பொற்கூந்தலும் ஒரே துண்டில், நடுவே ஈயக்கோடின்றி அமைந்தன. பேர்போர்டில் இந்நுட்பம் நிறைந்து விளங்குகின்றது.

இப்பலகணிகளின் பொருளொழுங்கு மிகுந்த சிந்தனையுடன் வகுக்கப்பட்டது. வடபுறத்தில் அழித்தடுப்பினருகே ஏவாள் சர்ப்பத்தினால் சோதிக்கப்படும் காட்சியுடன் வரலாறு தொடங்குகின்றது. அதே பலகணியில் மோசே கண்ட எரிந்தும் வேகாத முட்செடியும், கிதியோனின் தோலும், சேபா நாட்டரசி சாலொமோனிடம் வருதலும் காணப்படும். இவை சேர்ந்திருப்பது ஏன் எனின், பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகள் புதிய ஏற்பாட்டிற்கு முன்னடையாளங்கள் என்பது அக்காலத்துக் கொள்கை. வேகாத செடியும் பனி நனைத்த தோலும் கன்னியின் பிரசவத்தையும், பரிசில் ஏந்திய அரசி சாஸ்திரிகளின் வருகையையும் குறிப்பன. ‘ஏழையர் வேதாகமம்’ என்னும் பெயருடன் வழங்கிய சித்திரப் புத்தகங்களில் இவ்விணைகளை நிரம்பக் காணலாம். கண்ணாடிக் கலைஞர் அவற்றைத் துணைக்கொண்டனர். பின்னர் மரியாளின் பிறப்பு, மங்கள வார்த்தை, பாலன் பிறப்பு, எகிப்துக்கு ஓடுதல் எனக் கதை கிழக்கு நோக்கி நடந்து, திருப்பீடத்தின்மேலுள்ள பெரும் பலகணியிற் பாடுகளை அடைகின்றது. அதன் கீழ்வரிசையில் எருசலேம் பிரவேசம் முதல் சிலுவை சுமத்தல்வரை, மேலே சிலுவைமரணம். அப்பால் தென்புறமாகத் திரும்பி, அடக்கம், உயிர்த்தெழுதல், எம்மாவு, தோமாவின் ஐயம், பரமேறுதல், பெந்தெகொஸ்தே என்று தொடர்கின்றது.

மேற்குப் பாதியில் கதை நின்று போதனை தொடங்குகின்றது. தெற்குச் சுவரில் பன்னிரண்டு அப்போஸ்தலர். ஒவ்வொருவர்க்கும் விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதி எழுதிய சுருள். வடக்குச் சுவரில் அவர்களுக்கு நேரெதிரே பன்னிரண்டு தீர்க்கதரிசிகள். அவர்தம் சுருள்களில் அவ்வப்பகுதிக்கு இசைந்த தீர்க்கதரிசனம். பேதுருவை நோக்கி எரேமியா நிற்கின்றார். நான்கு சுவிசேஷகர்க்கு எதிரே ஜெரோம், கிரெகோரி, அம்புரோஸ், அகுஸ்தீன் என்னும் நான்கு போதகர் நிற்கின்றனர். நடுக்கூடத்தில் நிற்கும் ஊரார் இவ்விரு வரிசைக்கும் நடுவே, கேள்விக்கும் விடைக்கும் இடையே நிற்பாரைப்போல் நின்றனர். அண்ணாந்து பார்ப்பின், மேற்சுவரின் தென்பகுதியில் இரத்தசாட்சிகளும் அவர்களுக்குமேல் தேவதூதரும். கதிரொளி படாத வடபகுதியில் ஏரோது, யூதாசு முதலிய கொடியோரும் அவர்களுக்குமேல் பேய்களும் தோன்றுவர். ஒளியின் திசையும் போதனைக்கு உதவியது.

எழுத்தறியாதார்க்கு இவையே வேதாகமம் என்று பலர் எழுதுகின்றனர். இக்கூற்றில் எமக்குச் சிறிது ஐயம் உண்டு. சுருள்களிலுள்ள எழுத்து இலத்தீன். மேற்சுவரின் உருவங்களோ கண்ணுக்கெட்டாத உயரத்தில் உள்ளவை. கிதியோனின் தோலை முன்பே அறியாதவன் அக்கண்ணாடியைப் பார்த்து அறிந்துகொள்வான் என்பது அரிது. பிரசங்கத்திற் கேட்டதைக் கண்ணாடி நினைவூட்டியிருக்கும், கேளாததைக் கற்பித்திராது. ஆயினும் மேற்குச் சுவரின் பெரும் பலகணிக்கு இவ்வையம் பொருந்தாது. அது நியாயத்தீர்ப்பு. உச்சியில் வானவில்லின்மேல் கிறிஸ்து வீற்றிருக்கின்றார். மரியாளும் யோவான் ஸ்நானகனும் பரிந்து வேண்டுகின்றனர். வட்டவட்டமாகத் தூதர் சூழ்கின்றனர். கீழே மிகாவேல் தூதர் தராசில் ஆத்துமாக்களை நிறுக்கின்றார். இடப்புறத்தில் பேதுரு திறவுகோலுடன் மோட்சவாசலில் நிற்க, வலப்புறத்தில் நரகம் செக்கச்செவேலென எரிகின்றது. அங்கே நீலநிறப் பேயொன்று கிழவியொருத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிச் செல்வதைக் காணலாம். தம் வயல்களில் எருச் சுமக்கும் அதே வண்டியைக் கண்ட உழவர்க்கு இலத்தீன் வேண்டியிருந்திராது.

இத்தகைய கண்ணாடி எங்கிருந்து வந்ததென்பதைப்பற்றி ஊரார் ஒரு கதை கட்டியிருந்தனர். ஜான் டேம் கடலில் ஒரு கப்பலைப் பிடித்தாராம். அதில் ரோமாபுரிக்குச் செல்லவிருந்த கண்ணாடி இருந்ததாம். அதனை வைப்பதற்கென்றே கோயிலைக் கட்டினாராம். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் தூரரே அதனைத் தீட்டினார் என்றுங்கூடப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாதிட்டனர். கப்பல் பிடிபட்டதாகக் கதை குறிக்கும் ஆண்டு 1492; 1471-ற் பிறந்த தூரர்க்கு அப்பொழுது வயது 21. மேலும் பலகணிகளின் அளவும் கற்கம்பங்களின் இடைவெளியும் கண்ணாடியோடு பொருந்தியிருத்தலைக் காண்போர், கட்டடத்தை அளந்தே கண்ணாடி செய்யப்பட்டதென்பதை உணர்வர். கொள்ளைப்பொருள் இவ்வளவு பொருந்துவது அரிது.

இனிப் பிழைத்த வரலாறு. கண்ணாடி முற்றுப்பெற்று முப்பது ஆண்டுக்குள் சமயச் சீர்திருத்தம் வந்தது. 1538-ல் ஊர்க்கோயில்தோறும் ஆங்கில வேதாகமம் வைக்குமாறு கட்டளை பிறந்தது. 1547-ல் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், மூடபக்திக்கு இடமாகிய உருவங்களைச் சுவரிலும் பலகணியிலுங்கூட விடாது அழிக்குமாறு கட்டளை வந்தது. நாடெங்கும் சுவரோவியங்களின்மேல் சுண்ணாம்பு பூசினர். அழித்தடுப்பின்மேல் நின்ற சிலுவையுருவங்களைக் கீழே தள்ளினர். கற்சிலைகளின் தலைகளை உடைத்தனர். சீர்திருத்தத்தின் வழிவந்த சபையினராகிய யாம் இதனை எழுதும்போது, அச்செயலின் காரணத்தை மறுக்கவும் இயலவில்லை. அழிந்தவற்றை எண்ணி வருந்தாதிருக்கவும் இயலவில்லை. உருவத்திற்கு விளக்கேற்றி வணங்கிய வழக்கை நிறுத்த விரும்பியவர், மரியாளின் பிறப்பும் அவள் விண்ணேறுதலும் தீட்டிய பலகணியை விட்டு வைப்பாரென்று யாரும் எதிர்பாரார். பேர்போர்டில் அவ்விரண்டும் இன்றும் உள்ளன.

காரணம் பெரும்பாலும் எளியது. எலிசபெத்து அரசியின் காலத்தில் இங்கிலாந்தைப்பற்றி நூலெழுதிய வில்லியம் ஹாரிசன் என்னும் குருவானவர் அதனை 1577-ல் வெளிப்படையாகக் கூறியுள்ளார். ஏனைய உருவங்களெல்லாம் அகற்றப்பட்டன; கண்ணாடியிலுள்ளவை மாத்திரம், புதுக்கண்ணாடி கிடைப்பது அருமையாலும் செலவு மிகுதியாலும், உடனே அகற்றப்படாமற் சிறிது சிறிதாக மாற்றப்பட்டு வருகின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். சிலையை உடைத்தால் வெற்றிடம் உண்டாகும். பலகணியை உடைத்தால் மழையும் பனிக்காற்றும் உள்ளே வரும். கோயிற் கண்காணிகள் கணக்கைப் பார்த்தனர். கொள்கை காத்திருந்தது, கூதிர் காத்திராது. 28 பலகணிகளுக்கு வெண்கண்ணாடி இடும் செலவு சிறிய ஊருக்குத் தாங்கத்தக்கதன்று.

நூறாண்டு சென்றபின் உள்நாட்டுப் போர் மூண்டது. 1643-லும் 1644-லும் பாராளுமன்றம் உருவங்களை அழிக்கச் சட்டம் செய்தது. வில்லியம் டௌசிங் என்பவர் அதிகாரம் பெற்று, கேம்பிரிட்ஜ், சபோக் கோட்டங்களில் ஊரூராய்ச் சென்று, எத்தனை உருவம் உடைத்தோம் என்று நாட்குறிப்பு எழுதி வைத்தார். அவர் குளாஸ்டர்ஷயருக்கு வந்தவரல்லர். ஆயினும் சைரன்செஸ்டர் அருகிலேயே இருந்தது. 1643 பிப்ரவரியில் ரூபெர்ட் இளவரசர் அதனைத் தாக்கிப் பிடித்தார். இருதிறத்துப் படைகளும் அவ்வழி நடமாடின. அப்பொழுது கண்ணாடியைக் கழற்றி ஒளித்து வைத்தனர் என்று ஊர்மரபு சொல்கின்றது. ஒளித்தனரோ, அன்றிப் படைஞர் கண்ணில் அது படாதொழிந்ததோ, கண்ணாடி பிழைத்தது.

மனிதர் விட்டதைக் காற்று விடவில்லை. 1703 நவம்பர் இறுதியில் தென் இங்கிலாந்தைப் பெரும்புயல் தாக்கியது. அதுபோன்றதொரு புயல் அந்நாட்டு வரலாற்றில் அரிது. அதனைப்பற்றி டானியேல் டீபோ பலவூர்க் கடிதங்களைத் திரட்டி 1704-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவற்றுள் பேர்போர்டிலிருந்து எழுதிய கடிதமும் ஒன்று. மேற்குச் சுவர்ப் பலகணிகள் காற்றின் முழுவேகத்தை ஏற்றன. நியாயத்தீர்ப்பின் மேற்பகுதி சிதைந்தது. அதன் இருமருங்கிலுமுள்ள தாவீதின் தீர்ப்பும் சாலொமோனின் தீர்ப்பும் பெரிதும் குலைந்தன. ஊரார் கிடைத்த துண்டுகளைக் கிடைத்தவாறு பொருத்தி வைத்தனர்.

அதன்பின் வந்தவர் பகைவரல்லர், நண்பர். 1860-ஐயொட்டிய ஆண்டுகளில் கோயிலைப் புதுப்பிக்க முற்பட்டு, மேற்குப் பெரும்பலகணியின் மேற்பாதியிற் கிடந்த பழைய கண்ணாடியை எடுத்துவிட்டு, அதனைப் பார்த்துச் செய்த புதுக்கண்ணாடியை வைத்தனர். வேலையைச் செய்தவர் சான்ஸ் சகோதரர் என்னும் பேர்பெற்ற கண்ணாடித் தொழிற்சாலையார். நோக்கம் நல்லதே. சிதைந்ததைச் செம்மையாக்குவதே பக்தி என்பது அக்காலத்தார் எண்ணம். ஆயினும் எட்வர்டின் கட்டளையும் பாராளுமன்றத்தின் சட்டமும் எடுக்காத கண்ணாடியை, அன்பு எடுத்துவிட்டது. கிறிஸ்து வீற்றிருக்கும் மேற்பாதி பத்தொன்பதாம் நூற்றாண்டினது. தராசும் நரகமும் உள்ள கீழ்ப்பாதி மாத்திரமே பழையது. நீதிபதி புதியவர், பேய்கள் பழையன என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அருகிருந்து பார்ப்போர்க்கு வேடிக்கை நில்லாது. பழைய கலைஞர் கையிற் சிவப்பு ஒவ்வொரு துண்டிலும் சிறிது வேறுபட்டு உயிர்த்தது. ஆலைக் கண்ணாடியில் அவ்வேறுபாடு இல்லை.

இத்தகைய புதுப்பித்தலுக்கு எதிர்ப்பு எழுந்த இடமும் பேர்போர்டுக்கு அண்மையதே. கவியும் கைவினைஞருமாகிய வில்லியம் மாரிஸ் 1871 முதல் சில மைல் தொலைவிலுள்ள கெம்ஸ்காட் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டை வைத்திருந்தார். 1876-ல் பர்போர்டுக் கோயிலில் நடந்த புதுப்பிப்பைக் கண்டு மனம் புழுங்கினார். மறு ஆண்டில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பழுதுபார்க்கலாம், பழையதுபோற் புதியது செய்யலாகாது என்பது அச்சங்கத்தின் விதி. பேர்போர்டின் மேற்குப் பலகணிக்கு அது பத்தாண்டுக்கு மேல் பிந்தி வந்தது.

கோயிலிற் காணத்தக்க ஏனையவற்றைச் சுருங்கச் சொல்வோம். திருப்பீடக் கூடத்தின் மர இருக்கைகள் 14-ன் அடியில் நகைச்சுவையான செதுக்கல்கள் உள. சண்டையிடும் கணவன் மனைவியும், மதுப்பீப்பாயருகே அமர்ந்தோரும் அவற்றில் உண்டு. அவை சைரன்செஸ்டர் மடத்தினின்று வந்தவை என்பர். சபை வரலாறு கற்போர் அறிந்த ஜான் கீபிள் 1792-ல் இவ்வூரிற் பிறந்தார். ஆக்ஸ்போர்டு இயக்கத்தைத் தொடங்கிய அவரது பிரசங்கம் 1833-ல் நிகழ்ந்தது. கோயில் முற்றத்தில் பூனையொன்றின் கல்லுருவமும் உளது. 1963 முதல் 1980 வரை வாழ்ந்த டிட்டில்ஸ் என்னும் அப்பூனை கோயிற் பூனையாயிருந்து அங்கேயே நினைவுக்கல் பெற்றது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கண்ணாடி முழுவதையும் கழற்றிப் பத்திரப்படுத்தினர். 1944-ல் ஊருக்கருகே விமான நிலையம் எழுந்ததைக் கருதின் அது தக்க செயலே. போர் முடிந்தபின் எல்லாம் தத்தம் இடத்தில் மீண்டும் ஏறின. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 2010 வரை மற்றொரு பணி நடந்தது. இம்முறை புதியது செய்யவில்லை. அழுக்கை நீக்கினர், ஒடிந்ததை ஒட்டினர், தவறான இடத்திற் கிடந்த துண்டுகளை ஆராய்ந்தனர். பின்னர்ப் பழைய கண்ணாடியைச் சற்றே உட்புறமாக நிறுத்தி, அதன் பழைய இடத்தில் நிறமற்ற கண்ணாடியை வைத்தனர். இரண்டிற்கும் இடையே கோயிலின் உட்காற்று உலவுவதால், மழையும் பனியும் பழைய கண்ணாடியைத் தீண்டுவதில்லை. அதன்மேல் ஈரம் படிவதுமில்லை. 1860-ஐயொட்டிச் செய்த மேற்பாதியும் எடுக்கப்படாமல் அங்கேயே உளது. அதற்கும் இப்பொழுது நூற்றைம்பது வயது கடந்துவிட்டது.